செத்ததென்று எழுதுவது யார்?

வெப்சைட் கட்டுகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர் பிரவுசர்லிஸ்ட். எந்தெந்தப் பிரவுசருக்காகப் பக்கம் எழுத வேண்டும், எதைக் கைவிடலாம் என்று அது சொல்லும். உலகம் முழுக்க ஏராளமான கம்பெனிகள் இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. அதன் வழக்கமான விதி இவ்வளவுதான்: அரை சதவீதத்துக்கு மேல் புழக்கத்தில் இருந்தால் சேர். கடைசி இரண்டு பதிப்பு என்றால் சேர். ஃபயர்பாக்ஸின் நீண்டகாலப் பதிப்பைச் சேர். செத்ததைச் சேர்க்காதே.

'செத்தது' என்பது நான் சேர்த்த சொல் இல்லை. அவர்கள் எழுதி வைத்திருக்கிற சொல்லே அதுதான். தயாரித்தவன் இருபத்திநாலு மாதம் கவனிக்காமல் விட்டுவிட்டால் அந்தப் பிரவுசர் செத்ததாகக் கணக்கு.

செத்த மாட்டைத் தூக்க வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு இந்தச் சொல் சும்மா காதில் விழுந்து போகாது. எது செத்தது, அதை யார் தூக்குவது என்று முடிவு செய்கிற உரிமை நமக்கு என்றைக்கும் இருந்ததில்லை. இப்போது நம் கையில் வெளிச்சம் காட்டிக்கொண்டு, பேசிக்கொண்டு, சார்ஜ் ஏறிக்கொண்டு உயிரோடிருக்கிற போனைப் பார்த்து, "இது செத்தது" என்று எங்கோ ஒருவன் ஒரு வரி எழுதுகிறான். அந்த வரியில் நம் சாதிச் சான்றிதழும் உதவித்தொகையும் தொங்குகின்றன.

பழைய பிரவுசர்களையும் சேர்த்துக்கொண்டு கட்டுவதா, புதிய உத்திகளை எடுத்துக்கொண்டு முன்னால் போவதா என்பது கணினிக்காரர்களின் பழைய சண்டை. அவர்களுக்கு அது தொழில் சண்டை. சேரிக்கு அது வாசல் சண்டை. அப்படித்தான் இதைப் பேச வேண்டும்.

*

நான் அடி அண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். பெரிய கோபுரமும் கடைத்தெருவும் மலைக்குக் கிழக்கே. நாங்கள் முதுகுப்பக்கம். இங்கே வருகிற எல்லாமே ஒரு சுற்று சுற்றித்தான் வரும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் வந்தது.

எங்கள் காலனியில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலாவது, அரசாங்கம் கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், மேசையே இல்லாத வீட்டுக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆரம்ப வருஷங்களில் வந்த பெட்டிகளில் விண்டோஸ் 7 இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கு ஆதரவை நிறுத்தியது. கூகுளின் குரோம் அதில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110 அந்தப் பெட்டியில் ஏறாது. பெட்டி வேலை செய்கிறது. அண்ணன் படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளை அதில் தட்டுகிறது. ஆனால் அதற்குள் இருக்கிற பிரவுசர் 2023லேயே உறைந்துபோய்விட்டது.

இரண்டாவது, ஜியோ போன். 2017இல் ஆயிரத்தைந்நூறு ரூபாய் முன்பணம் என்று வந்ததே, அந்தப் பட்டன் போன். அதற்குள் ஓடுவது காய் ஓ.எஸ். அதன் பிரவுசர், 2016இல் வந்த 48ஆம் ஃபயர்பாக்ஸின் எஞ்சினைக் கொண்டது. கடைக்கு வந்த அன்றே அதற்கு ஒரு வயசு. மூன்றாவது, டவுனில் வேலை செய்கிற வீட்டில் கொடுத்த கை மாறிய ஆண்ட்ராய்டு போன். கண்ணாடி விரிசல் விட்டது, இடமில்லை இடமில்லை என்று அழுகிறது, புதிய பதிப்பு எதுவும் ஏறாது.

ஆக, சேரிக்கு வருகிற கருவி எல்லாமே ஒருவன் கொடுத்ததாகவோ, ஒருவன் கழித்ததாகவோ இருக்கிறது. பழசை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. பழசுதான் எங்களிடம் வந்து சேர்கிறது.

எங்கள் தெருவில் காலேஜில் சேர்ந்த ஒரு பெண் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். அண்ணனுடைய அரசாங்க லேப்டாப்தான். பக்கம் திறந்தது. வெள்ளை. ஒரு எழுத்துகூட இல்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மாவும் பெண்ணும் டவுனுக்குப் போனார்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் பார்த்தார்.

"இன்னாக்கா, இந்தப் பொட்டியில எல்லாம் இனிமே வராது. புதுசு வாங்கிக்கங்க."

அந்த அம்மா கேட்டது இதுதான்: "பொட்டிய குட்த்ததும் கவருமெண்டு, ஃபாரத்த கேக்கறதும் கவருமெண்டு. இந்தப் பொட்டியில அந்த ஃபாரம் தொறக்கலன்னா இது இன்னா நாயம்யா?"

ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் சார்ஜ், சென்டர் காசு தனி. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

*

பக்கம் ஏன் வெள்ளையாக நிற்கிறது? இதைத் தெரிந்துகொண்டால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

ஒரு வெப்சைட் மூன்று மொழியில் எழுதப்படுகிறது. உள்ளடக்கத்தைச் சொல்வது எச்டிஎம்எல். அழகு செய்வது சிஎஸ்எஸ். அசைய வைப்பது ஜாவாஸ்கிரிப்ட். முதல் இரண்டும் பெருந்தன்மையான மொழிகள். பழைய பிரவுசருக்குத் தெரியாத ஒரு புதிய சொல் எச்டிஎம்எல்லில் வந்தால், அந்தச் சொல்லை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற எழுத்தைக் காட்டும். சிஎஸ்எஸ்சில் தெரியாத சொல் வந்தால் அந்த ஒரு அலங்காரத்தை மட்டும் விட்டுவிடும். எங்கள் ஆயா டி.வி. செய்தி கேட்கிற மாதிரி: புரியாத சொல்லைத் தள்ளிவிட்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. அதன் இலக்கணத்தில் தெரியாத ஒன்று வந்துவிட்டால், அந்த வரியை மட்டும் விடாது. அந்தக் கோப்பு முழுவதையும் தூக்கி எறிந்துவிடும். மனுவில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறதென்று மனுவையே கிழித்துப் போடுகிற அதிகாரி மாதிரி. 2017 மார்ச்சில்தான் ஃபயர்பாக்ஸ் கற்றுக்கொண்ட ஒரு இலக்கணத்தை வைத்து ஒருவன் எழுதினால், ஜியோ போனுக்கு அது முதல் வரியிலேயே அந்நிய பாஷை.

இதனால்கூட உயிர் போய்விடாது, ஜாவாஸ்கிரிப்ட் அசைவுக்கு மட்டும் இருந்தால். ஆனால் இப்போது நடப்பது வேறு. பக்கத்தில் இருக்கிற எழுத்து, ஃபாரம், பட்டன் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்ட் வந்துதான் கட்டி எழுப்ப வேண்டும் என்று செய்கிறார்கள். அனுப்புவது வெறும் காலி மனை. வீடு கட்டுகிற மேஸ்திரி பின்னால் வருவார். மேஸ்திரி வரவில்லை என்றால் காலி மனைதான். அந்தக் காலி மனைதான் அந்தப் பெண் பார்த்த வெள்ளைப் பக்கம்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழையதாக மொழிபெயர்த்துக் கொடுக்கும் பேபல் என்ற கருவி பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு தூரம் பழையதாக மாற்ற வேண்டும் என்று அது எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது? அதே பிரவுசர்லிஸ்ட்டைப் பார்த்து. ஒரு வரி. அந்த ஒரு வரியில் எங்களைச் சேர்த்தால் அந்தப் பிழை இல்லை. அதனால் 'முடியாது' என்கிற பேச்சே வேண்டாம். முடியும். வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

*

"பழைய பிரவுசர் வைத்திருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர், எங்கள் கணக்கில் அரை சதவீதம்கூட இல்லை" என்பார்கள். இந்தக் கணக்கை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்குதான் இந்த நாட்டில் நம்மை ஒளித்து வைக்கிற இடம்.

முதலில், அரை சதவீதம் என்பது கொஞ்சமா? 140 கோடி ஜனத்தில் அரை சதவீதம் 70 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜனத்தொகை 24 லட்சத்து 64 ஆயிரம் சொச்சம். கிட்டத்தட்ட மூன்று மாவட்டத்தைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு, "கொஞ்சம் பேர்தான்" என்று கையைத் துடைத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது, இந்தப் பட்டியல்களுக்குள் போகிற புள்ளிவிவரம் பெரும்பாலும் ஆளை எண்ணுவதில்லை. திறந்த பக்கங்களை எண்ணுகிறது. ஒரு நாளைக்கு நூறு பக்கம் புரட்டுகிறவன் நூறாகக் கணக்கில் ஏறுகிறான். அரை மணி நேரம் போராடி ஒரு பக்கத்தைத் திறந்தவள் ஒன்றாக ஏறுகிறாள். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று அம்பேத்கர் வாதாடிய நாட்டில், இது காசுக்குத் தக்க ஓட்டு.

மூன்றாவதுதான் முக்கியம். திறக்காத பக்கம் கணக்கில் வராது. வாசலிலேயே விழுந்தவன், வந்தவர்கள் பட்டியலில் எப்படி இருப்பான்? இதற்கு நல்ல சாட்சி எதிர்முகாமிலிருந்தே இருக்கிறது. கிறிஸ் சக்கரியாஸ் என்பவர் யூடியூபில் பொறியாளராக இருந்தவர். அங்கே வீடியோ பக்கத்தின் எடை 1.2 மெகாபைட்டுக்குப் போயிருந்தது. அவர் அதை நூறு கிலோபைட்டுக்குக் கீழே, 98க்குக் கொண்டுவந்து, கொஞ்சம் பேருக்கு மட்டும் விட்டுப் பார்த்தார். பக்கம் இளைத்தது, ஆனால் சராசரியாகப் பக்கம் திறக்க ஆகும் நேரம் குறையவில்லை, கூடிவிட்டது! குழம்பிப்போனார். பிறகுதான் காரணம் தெரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா என்று அதுவரை கணக்கிலேயே இல்லாத ஜனங்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குப் பழைய பக்கம் திறக்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். புதியது இரண்டு நிமிஷத்தில் வந்தது. இரண்டு நிமிஷம் காத்திருந்து பார்த்தார்கள். இதை அவர் 2012இல் எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே "எங்கள் கணக்கில் நீங்கள் இல்லை" என்பவனிடம் நாம் சொல்ல வேண்டியது: நீ சாத்தியதால்தான் நாங்கள் இல்லை. கோயிலுக்குள் விடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, "அவங்களுக்குச் சாமி கும்பிடுற பழக்கமே இல்லீங்க" என்று சொன்ன அதே நியாயம். இதே மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் ஜனங்கள் 2023 ஜனவரி 30 அன்று, கலெக்டரும் போலீசும் கூட வரப் போனார்கள். அதற்கு முந்தின நாள் வரை அந்தக் கோயிலுக்கு வந்தவர்கள் கணக்கை எடுத்திருந்தால் சேரி ஜனம் பூஜ்யம்தான்.

இது பழைய போன்காரர்களின் பிரச்சினை மட்டுமா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டன் அரசாங்கத்தின் இணையதளத்தில் 2013இல் எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 1.1 பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அதில் பிரவுசரில் அந்த வசதி இல்லாதவர்களும் நிறுத்தி வைத்தவர்களும் 0.2 மட்டுமே. மீதி 0.9 பேரிடம் வசதி இருந்தும், வழியில் ஏதோ அறுந்து வந்து சேரவில்லை. எங்களுக்கு இதைப் பௌர்ணமி சொல்லிக் கொடுத்திருக்கிறது. லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்றுகிற அந்த ராத்திரியில் டவர் திணறும். அன்றைக்குக் கிரிவலப் பாதையில் ஒரு லட்ச ரூபாய் போனும் எங்கள் பட்டன் போனும் ஒரே சாதி.

*

இப்போது நம் பக்கத்து ஆட்களிடம் பேச வேண்டும். "இதெல்லாம் எதுக்குத் தோழர்? பழைய மாதிரி மனு எழுதி நேரில் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. பழைய மாதிரி என்றால் எந்த மாதிரி? 1980இல் ஒழிக்கப்படும் வரை இந்த மாநிலத்தில் கர்ணமும் மணியக்காரரும் நடைமுறையில் பெரும்பாலும் பரம்பரையாகப் போன பதவி. அப்பன் ஊரின் கணக்கை எழுதினால் மகனும் எழுதுவான். ஒரு கையெழுத்துக்காக அவர் வீட்டுத் தெருமுனையில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நம் தாத்தாக்கள் நின்றார்கள். அந்தக் காலத்துக்காக ஏங்க நமக்கு என்ன இருக்கிறது?

இணையத்தில் போடுகிற விண்ணப்பம் உன் அப்பன் யார் தெரு என்று முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. நிற்க வைப்பதில்லை. 'நாளைக்கு வா' என்பதில்லை. ரயிலும் பள்ளிக்கூடமும் பேன்ட் சட்டையும் எப்படி நமக்கு விடுதலையோ, அப்படி இதுவும் ஒரு விடுதலைதான். அதனால்தான் இந்தக் கதவு சாத்தப்படுவது இவ்வளவு உறுத்துகிறது. பழமையைப் போற்றுகிற கூட்டத்தோடு நமக்கு ஒட்டு இல்லை, உறவு இல்லை. புதுசு நமக்கு வேண்டும். புதுசு வரும்போதெல்லாம் நம்மைக் கடைசியில் நிறுத்துகிற வரிசை வேண்டாம்.

புதுசைக் கொண்டுவந்து, பழசு வைத்திருப்பவனையும் கூட்டிக்கொண்டு போகமுடியுமா? தமிழிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1990களின் கடைசியில் தமிழ் எழுத்து ஆளுக்கொரு குறியேற்றத்தில் கிடந்தது. திஸ்கி என்றான் ஒருவன், 1999 சென்னை மாநாட்டிலிருந்து டாம், டாப் என்றான் ஒருவன், ஈழத்தமிழர்கள் பாமினியில் எழுதினார்கள். ஒருவன் எழுதியதை இன்னொருவன் திறந்தால் கொசுக்கூட்டம் மாதிரி அர்த்தமில்லாத எழுத்து. யுனிகோடு வந்தது. அதுதான் சரியான வழி. ஒரே குறியேற்றம், எங்கும் தமிழ். ஆனால் அன்றைக்கு பிரவுசிங் சென்டர்களிலும் வீடுகளிலும் ஏராளமாக இருந்தது விண்டோஸ் 98. அதில் யுனிகோடு தமிழ் எழுத்து கிடையாது. கட்டம் கட்டமாகத் தெரியும்.

அப்போது அதிராம்பட்டினத்துக்காரரான உமர் தம்பி என்ன செய்தார்? "விண்டோஸ் 98 செத்தது, புதுசு வாங்கு" என்று சொல்லவில்லை. 'தேனீ' என்ற யுனிகோடு எழுத்துருவைச் செய்து, அதைப் பக்கத்தோடு கூடவே இறங்கி வருகிற இயங்கு எழுத்துருவாகக் கொடுத்தார். படிக்கிறவன் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பழைய பெட்டியிலும் புதிய தமிழ் தெரிந்தது. 2006இல் இறந்துபோனார். தமிழில் வலைப்பக்கம் எழுதிய முதல் தலைமுறைக்கு அவர் கொடுத்தது சாதாரண உதவி இல்லை. தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்றுக்கொண்டது 2010இல்தான். சிறிய ஊர்க்காரர் ஒருவர், கம்பெனி இல்லாமல், காசு வாங்காமல், பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் பாலம் போட்டார். இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

உலக அளவிலும் ஒன்று சொல்லலாம். வெப்சைட்டுகளுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்று கொடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, 2020 நவம்பரில் ஒரு அறிவிப்பு செய்தது. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்திய போன்களில் தங்கள் சான்று 2021இல் செல்லாமல் போகும் என்றது. அன்றைக்கு ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த வகை. தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த மாதமே வேறொரு நிறுவனத்தோடு பேசி, குறுக்குக் கையெழுத்து ஒன்றை ஏற்பாடு செய்து, இன்னும் மூன்று வருஷம் அந்தப் போன்களைத் தாங்கினார்கள். மனசு இருந்தால் இவ்வளவும் நடக்கும்.

"பாதுகாப்பு என்ன ஆவது? பழைய பிரவுசரில் ஓட்டை இருக்கும்" என்பது நியாயமான கேள்வி. பணம் போகிற இடத்தில், கைரேகை போகிற இடத்தில் கண்டிப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் என்னென்ன சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி எது என்று படிப்பதற்கு என்ன ரகசியம்? அதோடு, ஏழையின் போனில் ஓட்டை இருந்தால், அந்தப் போனை விற்றவன் ஏன் இரண்டே வருஷத்தில் கைவிட்டான் என்று கேளுங்கள். திருடன் வருவான் என்று சொல்லி எங்களை வீட்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

"செலவு ஆகும்" என்பது அடுத்தது. செலவு ஏற்கெனவே ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டுகிறவன் மிச்சம் பிடிக்கிற ஒரு நாள் வேலை, அடி அண்ணாமலையிலும் ஆயிரம் ஊர்களிலும் ஒரு நாள் கூலியாக, பஸ் சார்ஜாக, சென்டர்க் காசாக இறங்குகிறது. அந்தக் கணக்கு எந்த டெண்டரிலும் எழுதப்படுவதில்லை.

*

இதில் உயிரும் இருக்கிறது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் பிணம் எரிக்க இடமில்லாமல் இருந்தபோது, 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் பதிவு செய்தால்தான் தடுப்பூசி என்றார்கள். கிராமத்து ஏழைக்கு இது எப்படிச் சாத்தியம் என்று அந்த மே 31 அன்று உச்சநீதிமன்றமே கேட்டது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பொது வேலைத்தளங்களிலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ பிடித்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்றானது. போட்டோ ஏறவில்லை என்றால் வெயிலில் மண் வெட்டிய பெண்ணுக்கு அன்றைக்கு வருகை இல்லை. அது பிரவுசர் இல்லை, ஆப். ஆனாலும் நியாயம் ஒன்றுதான். கருவி தோற்றால் தண்டனை உழைத்தவளுக்கு. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் நிறைவேறிவிட்டது. மண் வெட்டுகிற கை மாறவில்லை.

1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசாங்க அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டவர் போவதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிறைவேறியது. அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. அந்த அரசாணையில் எழுதியிருந்த 'அலுவலகம்' இப்போது கட்டடத்திலிருந்து கிளம்பித் திரைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சாலை என்பது சிக்னல். வாசல் என்பது பிரவுசர். அப்படியானால் அந்த அரசாணை திரைக்குள்ளும் செல்ல வேண்டும்.

சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. மத்திய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009லேயே வந்தன. 2023இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. எந்தக் கருவியாக இருந்தாலும், எந்தத் தொழில்நுட்பமாக இருந்தாலும், எந்த உடல்நிலையில் இருந்தாலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2025 ஏப்ரல் 30 அன்று, அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. 1924லும் காகிதத்தில் திறந்துதான் இருந்தது.

ஆகவே கேட்பதைத் தெளிவாகக் கேட்போம்.

ஜனங்களின் காசில் கட்டப்படும் ஒவ்வொரு பக்கமும் முதலில் வெறும் எழுத்தாக, வெறும் ஃபாரமாக, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே வேலை செய்ய வேண்டும். அதற்குமேல் எந்தப் புதிய வித்தையை வேண்டுமானாலும் ஏற்றிக் கட்டுங்கள். இது கனவு இல்லை. ஸ்டீவன் சாம்பியன் என்பவர் 2003லேயே இதற்குப் பெயர் வைத்துப் பேசிவிட்டார், படிப்படியான மேம்படுத்தல் என்று. பிரிட்டன் அரசு தன் தளங்களை இப்படித்தான் கட்டச் சொல்கிறது.

அரசாங்கம் எந்தப் பெட்டியை, எந்தப் போனைக் கையில் கொடுத்ததோ, அந்தக் கருவி உடைகிற வரை அரசாங்கப் பக்கம் அதில் திறந்தாக வேண்டும். கொடுத்த கைக்கு அந்தக் கடமை உண்டு.

ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், ஏழு வருஷத்துப் பழைய போனில், சிக்னல் விட்டு விட்டு வருகிற ஊரில், அந்த ஊர்ப் பெண்ணின் கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். குளிர்சாதன அறையில் சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று எழுதுகிற பில்லுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

பக்கம் திறக்காத காரணத்தால் யாருடைய தேதியும் கடக்கக் கூடாது. திறக்கவில்லை என்றால் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாங்க வேண்டும், அதே தேதி போட்டு, கைச்சீட்டு கொடுத்து.

கடைசியாக, வந்தவர்கள் கணக்கோடு திரும்பிப் போனவர்கள் கணக்கும் வேண்டும். எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எந்தப் பக்கத்தில் நின்றார்கள், எந்தக் கருவியில் நின்றார்கள் என்பதை வருஷா வருஷம் வெளியிட வேண்டும். வாசலுக்கே வர முடியாதவர்களை எண்ண, சேரிக்கு ஆள் வர வேண்டும்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நம் பிள்ளைகளில் பலர் இன்று பழைய மகாபலிபுரம் சாலையில், பெங்களூரில், வேலை செய்கிறார்கள். அந்த ஒரு வரியை எழுதுகிற நாற்காலியில் உங்களில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். அரை சதவீதம் என்று தட்டப்போகும்போது, உங்கள் அம்மா எந்தப் போன் வைத்திருக்கிறாள் என்று ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் கேட்டால் சொல்லுங்கள்: இது செத்ததில்லை சார், எங்க தெருவுல இன்னும் ஓடிக்கினு இருக்குது.